வக்கீல் வைக்காத வழக்கு

அன்புத் தங்கச்சிக்கு,

உன் மகளுக்கு இன்று விவாகரத்து கிடைத்துவிட்டது. தாய்மாமன் நானிருக்க வக்கீல் எதற்கு? மனுவில் எழுத்து மட்டும்தான் அவளுடையது, மூளை முழுக்க என்னுடையது. நான் எழுந்து நின்றதும் கோர்ட்டே கிடுகிடுத்தது. நீதிபதியம்மாவே, "ஐயா, நீங்க கொஞ்சம் வெளிய உக்காருங்க, அந்தப் பொண்ணு பேசட்டும்" என்று கெஞ்சினார். பாவம் என்று விட்டுக்கொடுத்தேன்.

வெளியே வந்தவள், "முடிஞ்சுது மாமா, பசிக்குது" என்றாள். இரண்டு ஆள் சாப்பாடு சாப்பிட்டாள்.

என் வீட்டுக்கு வந்ததிலிருந்து அறையை உள்ளே தாழ் போட்டுத்தான் படுப்பாள். நானும் ஏன் என்று கேட்டதில்லை. இன்று பட்டப்பகலில், கதவை விரியத் திறந்துபோட்டுத் தூங்குகிறாள். குறட்டை அப்படியே உன்னுடையது.

இப்படிக்கு,
கோர்ட்டைக் கலக்கிய உன் அண்ணன்