உங்கள் இடுப்பளவுக்கு வைத்த தொட்டி

இன்று காலை குழாய்க்காரர் அடுப்படித் தொட்டிக்கு அடியில் உட்கார்ந்து பழைய இணைப்பைத் திருகிக் கழற்றினார். சணலும் பெயிண்டும் ஊறிப்போன ஒரு வாடை வந்தது. நீங்கள் இந்தத் தொட்டியை வைத்த வாரம் வீடு முழுக்க இருந்த அதே வாடை.

மகள் சென்னையிலிருந்து பாத்திரம் கழுவும் மிஷின் அனுப்பியிருக்கிறாள். "கை வலிக்குதுன்னு நீதானம்மா சொன்ன" என்கிறாள். போனில் பேச ஏதாவது வேண்டுமே என்று சொன்னது அது. மிஷினை உள்ளே வைக்கக் குழாய்க்காரர் தொட்டி மேடையை இடிக்கச் சொன்னால், அதைத் திருப்பி அனுப்பிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன்.

எண்பதுகளின் தொடக்கம் அது. இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு, கொல்லையில் குத்தவைத்து ஏனம் கழுவ என் இடுப்பு இடம் கொடுக்கவில்லை. அடுப்படியிலேயே தொட்டி கட்டலாம் என்றீர்கள். "எச்சி ஏனம் அடுப்படிக்குள்ள வரவா?" என்று அத்தை, உங்கள் அம்மா, தன் பிறந்த ஊரான பேரையூருக்குப் பெட்டி கட்டாத குறை. கொத்தனார் வந்து, "அக்காவ வரச் சொல்லுங்கண்ணே, ஒசரம் பாக்கணும்" என்றார். "அவ எதுக்கு? நான் நிக்கிறேன்ல" என்று நீங்களே போய் நின்று இடுப்பைக் காட்டினீர்கள். நானோ உங்கள் தோளுக்கும் கீழே.

முதல் நாள் கழுவியபோது தண்ணீர் முழங்கை வழியாக இறங்கி ரவிக்கையை நனைத்தது. "அளவெடுக்கத் தெரியாத ஆளக் கட்டிக்கிட்டேனே" என்று திட்டினேன். நீங்கள் கொல்லைப் பக்க ஜன்னலைச் சாத்திவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டி, தேங்காய் நாரைக் கையில் எடுத்தீர்கள்.

"கழுவப்போறவன் ஒசரத்துக்குத்தான வைக்கணும்?"

ஆம்பளை ஏனம் கழுவுவது கொல்லையில் இருக்கும் அத்தைக்குத் தெரிந்தால் வீடு ரெண்டுபடும். "நீ பக்கத்துல நின்னு வளையல ஆட்டு" என்றீர்கள். நீங்கள் தேய்க்க, நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு கையை ஆட்டினேன். "மருமகளுக்கு இப்பத்தான் கையில வேகம் வந்திருக்கு" என்று வெளியிலிருந்து குரல் வந்தது. அன்றிலிருந்து சாப்பாட்டுக்குப் பிறகு நமக்கு அதுதான் வேலை. நீங்கள் இல்லாத நேரத்தில் நான் ஏறி நின்று கழுவ ஒரு பலகையும் செய்து போட்டீர்கள்.

குழாய்க்காரர் டேப்பை வைத்து அளந்தார். "பழைய வீட்டுல இம்புட்டு ஒசரமா யாரும்மா மேடை வச்சது? மிஷினு அப்படியே அடியில போயிரும். எதையும் இடிக்க வேணாம்."

"எங்க வீட்டுக்காரரு" என்றேன். குழாய்க்காரர் தண்ணீர்க் குழாயில் ஒரு கிளை எடுத்து, மிஷினின் கழிவுக் குழாயை உங்கள் தொட்டிக் குழாயிலேயே கொண்டுபோய்ச் சேர்த்தார்.

"நெறைய ஏனம் சேத்துவச்சுப் போடுங்கம்மா. ஒண்ணு ரெண்டுக்கெல்லாம் ஓடவிடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

என்னிடம் இருந்தது ஒரு தட்டும் ஒரு டம்ளரும். அந்த மிஷின் நிறைய நான் எத்தனை நாள் தனியாகச் சாப்பிட வேண்டுமோ. நீங்கள் போனதிலிருந்து ரொம்பத் தனியாக இருக்கிறேன். மகளிடம் இதைச் சொன்னால் இன்னொரு மிஷின் வரும்.

ஜன்னலைச் சாத்திவிட்டு, பலகையில் ஏறி நின்று தட்டைக் கழுவினேன். கை தானாக ஒரு தரம் ஆடியது. வளையல்கள் உங்களோடு போனவை, சத்தம் வரவில்லை. கழுவி முடிக்கும்வரை ஆட்டிக்கொண்டேதான் இருந்தேன்.