அம்மா ஜீப்பிலிருந்து இறங்கினார்

என் அப்பாவுக்கு,

சிங்கம் திரிகிற காட்டில் அம்மாவை வாகனத்தைவிட்டு இறக்கியது நீங்கள்தான். செத்து இரண்டு வருடமானாலும் அது உங்கள் வேலைதான்.

மெல்பேர்னில், டண்டினொங் பக்கம் வேலை முடிந்து வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் ரிவியில் மிருகங்களைப் பார்ப்பீர்களே. "ஒருக்கா ஆபிரிக்காவுக்குப் போகோணும்" என்பீர்கள். போகவில்லை. போன மாதம் அம்மாவை நான் கென்யாவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். எது நடந்தாலும் இறங்கக் கூடாது என்று தேசியப் பூங்கா வாசலிலேயே சாரதி சொன்னார். அம்மாவும் தலையாட்டினார்.

யானைக்குட்டியொன்று தாயின் காலுக்குள்ளால் நுழைய, அம்மா சிரித்தார். நீங்கள் போனபிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

பிறகு ஒரு வளைவில், பச்சை உடுப்பும் தோளில் துவக்குமாக ஒருவர் கையைக் காட்டி மறித்தார். காண்டாமிருகங்களுக்குக் காவல் நிற்பவர். புல்லுக்குள் சிங்கம் படுத்திருக்கிறது, மெதுவாகப் போங்கள் என்று சொல்லத்தான் மறித்திருக்கிறார். அவர் வாயைத் திறக்கமுன் அம்மா கதவைத் திறந்து இறங்கிவிட்டார். கடவுச்சீட்டை நீட்டியபடி, தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

"அம்மா, ஏறுங்கோ! விசரா உங்களுக்கு?"

"ஏன் பிள்ளை கத்திறாய்? நீயும் இறங்கு. உள்ளுக்க இருந்தா சந்தேகப்படுவான்."

காவலர் துவக்கை முதுகுப்பக்கம் தள்ளிவிட்டு, அம்மாவின் முழங்கையைப் பிடித்து ஏற்றிவிட்டார். எங்களோடு பின் சீட்டில் வந்த சிட்னிக்காரர் சிரித்தார். அவரைத் திட்டினேன். அவருக்கு என்ன தெரியும்? மெல்பேர்னில் பிறந்த எனக்குத்தான் என்ன தெரியும்? இங்கே வீட்டுப் பக்கம் மல்கிரேவில் பொலிஸ் மறித்தபோது நீங்களும் இப்படித்தான் காரைவிட்டு இறங்கினீர்கள். வீட்டுக்கு வந்து அதைப் பகிடியாகச் சொன்னீர்கள். நாங்களும் சிரித்தோம்.

அன்று பின்னேரம் அம்மாவிடம் கேட்டேன்.

"அப்பாதான் சொல்லித் தந்தவர். ஊரில ஆமி துவக்கோட மறிச்சா, கேக்க முதல் இறங்கு எண்டு."

"இறங்காட்டி?"

"ஒராள் இறங்கேல்லை."

"ஆர்?"

"அதை நீ அவரிட்டையெல்லோ கேட்டிருக்கோணும்."



யாரில் கோபப்படுவது என்று எனக்குத் தெரியவில்லை அப்பா. அங்கே காண்டாமிருகத்தைக் காக்கத் துவக்கோடு ஆள் நிற்கிறது. ஊரில் உங்களை மறித்த துவக்கு யாரைக் காத்தது? நீங்கள் சொல்லிக்கொடுத்ததுதான் ஊரில் அம்மாவை உயிரோடு வைத்திருந்தது என்றால், உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். கென்யாவில் அதுவே கொல்லப் பார்த்ததே, அதற்கு என்ன சொல்வது? இந்த நாட்டுக்கு வந்த பிறகாவது, போதும், இனி இறங்கத் தேவையில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.

அம்மாவிடம் இனிமேல் கேட்கமாட்டேன். இது சத்தியம். ஆனால் உங்களை விடப் போவதில்லை. இறங்காமல் இருந்தது யார்? அந்த ஆளின் பெயரைச் சொல்லுங்கள் அப்பா.

உங்கள் ஒரே மகள்