நீ துண்டித்த குரல்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நானும் உன் அத்தானும் நலம். நீ வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள். போனில் சொல்லலாம் என்றுதான் இருந்தேன். பேச வாய் வரவில்லை.

தொண்டை அறுவை சிகிச்சைக்குப் பிறகு அப்பாவுக்குக் குரல் இல்லையே, அவர் தட்டுவதைக் கணினி வாசித்துச் சொல்லட்டும் என்று நினைத்தேன். ஆனால் ஆயுசு முழுக்க அச்சகத்தில் பழைய எழுத்துருவில் தட்டிய விரல்களுக்குப் புது விசைப்பலகை பிடிபடவில்லை. பழையதில் தட்டினால் திரையில் தமிழாகத் தெரியும். உள்ளே இருப்பதோ ஆங்கில எழுத்தும் குறியும். கணினி அந்தக் கந்தரகோலத்தைத்தான் வாசித்தது.

என் தொழில் பிறகு எதற்கு? பைத்தான் கணினி மொழியில் ஒரு நிரல் எழுதினேன். பழைய குறி ஒவ்வொன்றுக்கும், இப்போது எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு எழுத்து எது என்று அட்டவணை போட்டேன். அது மட்டும் போதாது. பழையதில் கொம்பு முன்னால் நிற்கும். யூனிகோடில் அது எழுத்துக்குப் பின்னால் போக வேண்டும். நான் கொம்பை நகர்த்திவிட்டுத் துணைக்காலைக் கோட்டைவிட்டேன். அப்பா "சோறு" என்று தட்ட, கணினி "சேறு" என்றது. சத்தமே இல்லாமல் வயிறு குலுங்கச் சிரித்தார்.

சரியானதும் முதலில் உன்னிடம்தான் பேச வேண்டும் என்றார். கணினியிலிருந்தே அழைத்தோம். உனக்குத் தெரியாத எண், கணினிக்கோ யாரோ ஒரு பெண்ணின் குரல். உன்னை ஏமாற்றிப் பார்க்கக் குறும்பாக "வணக்கம்" என்று தொடங்கினார். அடுத்த வரியைத் தட்டுவதற்குள் நீ, "வேலை நேரத்துல ஏம்மா உயிரை வாங்கறீங்க? எதுவும் வேணாம்" என்று துண்டித்துவிட்டாய். "சின்னவனே, யார் பேசறேன் சொல்லு பாப்போம்" என்பது திரையிலேயே நின்றது.

உன் மேல் தப்பில்லை. மறுபடி அழைக்கப் போனேன், கையைப் பிடித்துக்கொண்டார். "வேலையா இருப்பான், விடு" என்று தட்டினார். வணக்கம் சொன்ன அதே குரலில் கணினி அதையும் சொன்னது. பிறகு கணினியை மூடி வைத்தவர்தான், திறக்கவே இல்லை. இப்போது தண்ணீருக்கும் கையைத்தான் காட்டுகிறார்.

நேற்று டாக்டர், "இனிமே இங்க அலைய வைக்காதீங்க, வீட்டுலயே வெச்சுப் பாத்துக்கோங்க" என்றார். நான் உட்கார்ந்தே இருந்தேன். அப்பாதான் எழுந்து அவருக்குக் கைகூப்பினார்.

லீவு கேட்டுப் பார். தராவிட்டாலும் கிளம்பி வந்துவிடு. அழுதுகொண்டு வராதே. அவர் பக்கத்தில் உட்கார்ந்து உன் கதையெல்லாம் சொல். அப்பாவுக்குக் காது நன்றாகக் கேட்கிறது.

நல்லபடியாக வந்து சேர், கண்ணா.

அக்கா