கூடத்துக்கு வந்த பின் சீட்டு

மார்ச் 3, செவ்வாய்

சிகிச்சைக்குக் கிளம்பித் தெருமுனையைக்கூடத் தாண்டவில்லை. வண்டி இரண்டு முறை விக்கிவிட்டு நின்றது. சாவியைத் திருப்பினால் பின் சீட்டுக்கு அடியில் எப்போதும் கேட்கும் மெல்லிய ரீங்காரம் இல்லை. டேங்குக்குள் இருக்கும் பெட்ரோல் பம்ப் போய்விட்டது. பின்னால் உட்கார்ந்து என் மனைவி கண்ணாடி வழியாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் இறங்கி பானட்டைத் திறந்தேன், பார்த்தேன், மூடினேன். எல்லாரும் அதைத்தானே செய்கிறார்கள்.

தெருவில் போனவர்கள் வாசல்வரை தள்ளிக்கொண்டு வந்தார்கள். அவளோடு சேர்த்துத்தான். இறங்க மாட்டேன் என்றுவிட்டாள்.

பக்கவாதம் வந்ததிலிருந்து வலது பக்கம் அவள் பேச்சைக் கேட்பதில்லை. வாயிலும் ஒன்றிரண்டு சொல்தான். ஒருமுறை வாடகைக் காரிலிருந்து இறங்கும்போது சறுக்கி விழுந்தாள். அதற்குப் பிறகு வேறு வண்டியில் காலை வைப்பதில்லை. மச்சானின் ஜீப்பில் ஏற ஏணி வேண்டும். இந்தக் கிழட்டு வண்டியின் பின் சீட்டுதான் அவளுக்கு அளவெடுத்த உயரம். செவ்வாயும் வெள்ளியும் போயாக வேண்டும், கருவிகளெல்லாம் அங்கேதான். "நடுவுல விட்டுட்டா கை இறுகிடும். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக் கூடாது" என்று சிகிச்சை தருகிற பெண் முதல் நாளே சொல்லிவிட்டாள்.

மார்ச் 4, புதன்

லீவு போட்டேன். மூக்குக் கண்ணாடிக் கடையில் நாள் முழுக்கக் கடுகளவு திருகுகளைக் கழற்றி மாட்டுகிறவன் நான். ஒரு பம்ப்பைக் கழற்ற முடியாதா?

பின் சீட்டைத் தூக்கி வெளியே எடுத்தேன். அடியில் ஒரு தகட்டு மூடி. அதற்கும் அடியில், டேங்கின் வாயில், பம்ப்பை அழுத்திப் பிடித்திருக்கும் வளையம். துருவேறி டேங்கோடு டேங்காக ஒட்டிக் கிடக்கிறது. உடும்புப் பிடி. எண்ணெய் ஊற்றி ஊறவிட்டேன். தூறல் போட்டதால் சீட்டை இழுத்துக் கூடத்தில் போட்டேன்.

மார்ச் 5, வியாழன்

அசையவில்லை.

மார்ச் 6, வெள்ளி

வளையத்தின் விளிம்பில் திருப்புளியை வைத்துச் சுத்தியலால் ஓங்கி அடித்தேன். திருப்புளி வழுக்கிப் பம்ப்பின் தலையில் இருந்த பிளாஸ்டிக் குழாயை ஒடித்துவிட்டது. ஒடச்சாச்சு. இனி அந்தப் பம்ப்பும் ஆகாது, அதை எடுக்காமல் புதுசும் உள்ளே போகாது. எனக்கு எதுக்கு இந்த வேலை? யாரைத் திட்டறது இப்போ?

உள்ளே வந்தால் அவள் நாற்காலியில் இல்லை. கூடத்தில் அந்தச் சீட்டில் சரிந்து கிடக்கிறாள். தரையோடு தரையாக இருக்கிறதே, எழ முடியவில்லை. "ஏன்டி, கூப்பிடக் கூடாதா?" என்று கத்திவிட்டேன். தூக்கிவிட்டு, அடியில் இரண்டு வரிசை செங்கல் வைத்து, வண்டியில் இருந்த உயரத்துக்குக் கொண்டுவந்தேன். பிடித்திருக்கிறது போல. இருக்கட்டும்.

மார்ச் 7, சனி

மெக்கானிக் வந்தார். மோப்பம் பிடித்தார், சுத்தியலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இரும்பை வெச்சு இரும்பை அடிச்சீங்களா சார்? ஒரு பொறி பறந்திருந்தா இந்நேரம் நீங்க சுவத்துல போட்டோவா தொங்கியிருப்பீங்க."

பிறகு டேங்கைத் தட்டிப் பார்த்தார். "யாரு இதை ஃபுல்லா ரொப்பி வெச்சது?"

நான்தான். அவளை ஆஸ்பத்திரிக்கு அள்ளிக்கொண்டு ஓடிய நாளிலிருந்து பெட்ரோல் முள்ளைக் கீழே இறங்க விடுவதில்லை. மறுபடி எப்போது ஓட வேண்டியிருக்குமோ. "பயம் தம்பி" என்றேன். மதியம் முழுக்கக் குழாய் விட்டு கேன் கேனாக இறக்கினோம். என் பயம் இவ்வளவு கேன் இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை.

மார்ச் 9, திங்கள்

பித்தளை உளியால் தட்டித் தட்டி வளையத்தைக் கழற்றிவிட்டார். கைதட்டத் தோன்றியது. ஆனால் பம்ப் வரவில்லை. சுற்றியிருக்கும் ரப்பர் ஊதிப்போயிருக்கிறது. உள்ளே மிதவையின் கம்பி வேறு எதிலோ மாட்டிக்கொண்டிருக்கிறது. "நேரா இழுத்தா வராது சார். சாய்ச்சு, திருப்பி, கெஞ்சிக் கேக்கணும்." இருட்டும்வரை கெஞ்சினார்.

உள்ளே அவள் "கல்லு" என்றாள். எந்தக் கல்லு? சீட்டைக் காட்டி "எடு" என்றாள். ஆடுகிறதாக்கும் என்று நன்றாக முட்டுக் கொடுத்து அடுக்கிவைத்தேன். தலையில் அடித்துக்கொண்டாள். அவள் தலையில்தான்.

மார்ச் 10, செவ்வாய்

இன்றும் போகவில்லை. அவள் விரல்களை நானே நீவிவிட்டேன். சுண்டுவிரல் விரிய மாட்டேன் என்கிறது. அழுத்தினால் வலிக்குமோ என்று பயம், அழுத்தாவிட்டால் பிரயோஜனமில்லை. வாசலில் ஒன்று சிக்கிக் கிடக்கிறது, வீட்டுக்குள் ஒன்று இறுகிக்கொண்டு வருகிறது. நடுவில் தடிமாடு மாதிரி நான்.

மச்சான் போன் செய்தான். "டாக்ஸி சொல்லட்டுமா மாமா?" அவளிடம் கேட்டேன். "இப்ப வேணாம்" என்றாள். அப்புறம் திரும்பவும், "கல்லு. எடு."

மார்ச் 11, புதன்

ஒரு வரிசைக் கல்லை எடுத்துவிட்டேன். சண்டை போடத் தெம்பில்லை. மெக்கானிக்கோடு வண்டிக்குள் தலையைக் கொடுத்துக்கொண்டிருந்தபோது வீட்டுக்குள் ஏதோ கதவு காற்றில் அடித்துக்கொண்டே இருந்தது. கொக்கி போட வேண்டும்.

மார்ச் 14, சனி

பம்ப் வந்துவிட்டது. டேங்கின் வாயையும் கொஞ்சம் பிய்த்துக்கொண்டு வந்தது.

"பத்த வெச்சுக்கலாமா தம்பி?"

"எதுல சார் பத்த வெக்கறது? தகடு எங்க இருக்கு, எல்லாம் துரு."

"வேற டேங்க்?"

"இந்த மாடலுக்கா? பழைய இரும்புக் கடையெல்லாம் தேடிப் பாக்கறேன். நம்பிக்கை வெச்சுக்காதீங்க."

அவளிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்ல? குளித்தேன். திரும்பவும் குளித்தேன். பெட்ரோல் வாடை போகவில்லை.

மார்ச் 17, செவ்வாய்

டேங்க் எங்கேயும் இல்லை என்று மெக்கானிக் போன் செய்தார். கேட்டுவிட்டு வாசலிலேயே நின்றேன். என்னால என்ன முடிஞ்சுது? ஒண்ணுமில்ல. கையைப் பிசைஞ்சதுதான் மிச்சம்.

உள்ளே தொம்மென்று சத்தம். விழுந்துட்டாளா — ஓடினேன்.

விழவில்லை. சீட்டில் உட்கார்ந்த சத்தம். அடியில் ஒரு கல்கூட இல்லை. இடது காலால் உதைத்து உதைத்துச் சுவரோரமாகத் தள்ளியிருக்கிறாள். நான் நிற்பதைப் பார்க்கவில்லை. நுனிக்கு நகர்ந்தாள். உடம்பை முன்னால் சாய்த்து, கொஞ்சம் திருப்பி, ஜன்னல் கட்டையை இடது கையால் பிடித்து எழுந்தாள். நின்றாள். மறுபடி தொம். மறுபடி எழுந்தாள். கொக்கி போட வேண்டும் என்று நான் எழுதிவைத்த கதவு இதுதான். எந்த வண்டியின் சீட்டும் இதைவிடத் தாழ்வாக இருக்காது என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. மடையனுக்கு இப்போதுதான் உறைக்கிறது.

"டேங்க் கிடைக்கலையாம்" என்றேன்.

"போகட்டும்" என்றாள். மூச்சு வாங்கியது. "வெள்ளி. டாக்ஸி."

மார்ச் 19, வியாழன்

இரும்புக் கடைக்காரர் வண்டியைப் பார்க்க வந்தார். "பின் சீட்டு எங்க?" என்றார். அது தர்றதுக்கில்லை என்றேன்.

மார்ச் 20, வெள்ளி

டாக்ஸிக் கதவைத் திறந்து, வழக்கம் போல இரண்டு கையையும் நீட்டினேன். "விடு" என்றாள். விட்டேன். உட்கார்ந்தாள். சாய்ந்தாள், திரும்பினாள், இடது காலை உள்ளே எடுத்தாள், வலது காலைக் கையால் தூக்கி உள்ளே வைத்தாள்.

பழக்கதோஷத்தில் முன்பக்கம் போனேன். அங்கே டிரைவர் இருந்தார். "இங்க" என்று பக்கத்தில் தட்டினாள்.

சிகிச்சைக்குப் போகும் வழியில் இதுவரை அவளைக் கண்ணாடியில்தான் பார்த்திருக்கிறேன். இன்று பக்கத்தில். பிடிக்க ஸ்டியரிங் இல்லாமல் என் கைகள் மடியில் சும்மா கிடந்தன. அழுகை வந்தது. அடக்கவில்லை. அவள் இடது கையால் வலது கையைத் தூக்கி என் கைமேல் வைத்தாள். சுண்டுவிரல் இன்னும் மடங்கித்தான் இருந்தது.

பிறகு மூக்கைச் சுளித்தாள். "பெட்ரோல்" என்றாள். "நாத்தம்."