என் பேரில் ஒரு கடன்

ஜூன் 3
காலையிலேயே மண்டையைப் பிளக்கிற வெயில். ஆபீசுக்கு அரை நாள் லீவு போட்டு வங்கிக்கு. வீட்டுக்கடன் கிடையாதாம்.

"உங்க கிரெடிட் ஸ்கோர் 612 மேடம். ஒரு லோன்ல பாக்கி நிக்குது. அதை முடிச்சிட்டு வாங்க."

எனக்கு லோனா? மளிகைக் கடையில்கூடக் கடன் சொன்னதில்லை. அலங்காநல்லூர் ரோட்டு வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டது. தைக்குள் கிரயம் முடிக்காவிட்டால் அதுவும் போச்சு, வீடும் போச்சு.

இவரிடம் சொன்னேன். "விடு வசந்தி, வாடகை வீட்டுல என்ன குறைச்சல்?" என்றார். போனைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு. இதில் எப்படி ஒரு மனுஷன் இவ்வளவு நிதானமாக இருக்க முடியும்?

ஜூன் 4
கிரெடிட் ரிப்போர்ட் எடுத்துப் பார்த்தேன். ஏதோ பொருள் வாங்கிய லோன். இரண்டு வருடத்துக்கு முந்தைய பங்குனி. டி. கல்லுப்பட்டி கடை. போன தீபாவளிக்கு அப்புறம் இரண்டு தவணை கட்டி, பிறகு நின்றிருக்கிறது.

சந்தேகம்:
– இவர். போன கார்த்திகையிலும் மார்கழியிலும் 'வண்டிக்கு ஸ்பேர் பார்ட்ஸ்' என்று கல்லுப்பட்டி போனார். மதுரையில் கிடைக்காத பார்ட்ஸ் அங்கே என்ன கிடைக்கிறது?
– ஜெராக்ஸ் கடைக்காரன். ஆதாரை ஒரு காப்பி கேட்டால் இரண்டு எடுப்பான்.
– பஸ் ஸ்டாண்ட் புரோக்கர். "ஸ்கோரை ஏத்தித் தாரேன்க்கா, ஓடிபிய மட்டும் சொல்லுங்க." மூஞ்சியும் அவனும்.

பால் பாக்கெட் இரண்டு. மகள் கயலுக்கு ஜியாமெட்ரி பாக்ஸ்.

ஜூன் 6
லோன் கம்பெனிக்குப் போன். அரை மணி நேரம் பாட்டுப் போட்டார்கள். கடைசியில் ஒரு பெண். "பொருள் வாஷிங் மெஷின், மேடம்."

அந்த மெஷின் என் எதிரில்தான் சுற்றிக்கொண்டிருந்தது.

கயல் சடங்குக்கு என் தம்பி பாண்டி கொண்டுவந்த தாய்மாமன் சீர். குட்டியானை வண்டியில் ஏற்றி, ரிப்பன் கட்டி, கொட்டு மேளத்தோடு வந்தான். மைக்கில் அவன் பேரைச் சொன்னபோது பெருமையில் அழுதேன். அதற்கு இரண்டு நாள் முன்னால் போன் பண்ணியிருந்தான். "வாரண்டிக்கு உன் பேரு போடணும்க்கா. ஒரு நம்பர் வரும், சொல்லு." முறுக்குச் சட்டி அடுப்பில். கையெல்லாம் எண்ணெய். சொன்னேன்.

ஜூன் 8, ஞாயிறு
பேரையூர். பஸ்ஸில் நின்றே போனேன். பாண்டி கோழிக்கறி எடுக்கக் கிளம்பினான். உட்காருடா என்றேன்.

"என் பேருக்கு லோன் குடுக்க மாட்டேன்னுட்டானுகக்கா."

"அதுக்கு? எனக்குச் செய்யுற சீருக்கு எம்பேருலயே கடனா?"

"மாமன் வெறுங்கையோட வந்து நிக்க முடியுமா? மாமா வீட்டு ஆளுக முன்னாடி உனக்குத்தான அசிங்கம்?"

அறையலாம்போல இருந்தது. அழுகையும் வந்தது. தீபாவளியோடு வேலை போனதாம், அதற்குப் பிறகு ஒரு தவணையும் கட்டவில்லையாம். பிறகு இரண்டு மாதம் கட்டியது யார் என்று கேட்டேன். "சத்தியமா நான் இல்லக்கா." இவன் சத்தியத்தை இனி எதில் சேர்ப்பது?

வாசல்வரை வந்தான். "மாமாட்ட சொல்லிராதக்கா." தலையாட்டிவிட்டு வந்தேன்.

ஜூன் 20
கம்பெனி ஆள் போனில் தேனாக ஒழுகினான். "பாதிய மட்டும் கட்டுங்க மேடம், செட்டில்மெண்ட் போட்டுத் தாரோம்." வருகிற பணத்தில் பாதியை எவன் விடுவான்? வங்கியில் விசாரித்தேன். அப்படி முடித்தால் ரிப்போர்ட்டில் அதுவே கறையாக நிற்குமாம். முழுசாகக் கட்டினேன். தோடு அடகுக் கடையில், காதில் கவரிங்.

பாக்கியில்லை என்று கடிதம் வந்தது. சீல் அசல்தானா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.

திருகு கழன்றுவிட்டது, தோட்டைக் கழற்றி வைத்திருக்கிறேன் என்று இவரிடம் சொன்னேன். காதைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை?

ஆகஸ்ட் 17
655. வங்கியில் சொன்னபடி, டெபாசிட் போட்டு ஒரு சின்ன கிரெடிட் கார்டு. மளிகைக்கு மட்டும். கெடுவுக்கு முன்பே கட்டிவிட்டு, வந்து சேர்ந்ததா என்று போன் பண்ணிக் கேட்டேன். எடுத்தவன் சிரிக்கிறான். சிரிக்கட்டும்.

மழை இல்லை. தண்ணீர் லாரி வரவில்லை.

டிசம்பர் 12
731! லோன் பாஸ். வங்கி வாசலில் நின்று ஒரு ஜிகர்தண்டா, தனியாக.

சாயங்காலம் பாண்டி போன். "பால் காய்ச்சுறன்னைக்குக் கட்டில் கொண்டாரேன்க்கா." மெஷினில் துணி போட்டுக்கொண்டே, பாதியை முழுங்கி, இவரிடம் சொன்னேன்.

"வேணாம்னு சொல்லு மாப்ளைட்ட," என்றார். "மெஷினுக்கு நான் கல்லுப்பட்டிக்கு அலைஞ்சது போதும்."

கையில் இருந்த சட்டையைப் போட்டுவிட்டு இவர் பக்கம் திரும்பினேன்.

லோனுக்கு ரெஃபரன்ஸ் என்று பாண்டி இவர் நம்பரைத்தான் கொடுத்திருக்கிறான். வசூல்காரர்கள் இவரைத்தான் பிடித்திருக்கிறார்கள். இரண்டு தவணை கட்டினாராம். மூன்றாவதற்குக் கையில் காசு இல்லையாம்.

"எங்கிட்ட ஏங்க சொல்லல?"

"ஒந்தம்பியப் பத்தி நான் சொன்னா நம்புவியா? என்னையத்தான் சந்தேகப்படுவ." சிரித்தார். "தோட்ட எந்தக் கடையில வச்ச? போனஸ் வரட்டும், திருப்பிருவோம்."

இவரை நினைத்து இத்தனை மாதம் மனதுக்குள் என்னவெல்லாம் பேசியிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

ஜூன் 4 பக்கத்தைக் கிழித்தேன். கிழித்தால் கயலின் டைம்டேபிள் பின்பக்கம் இருக்கிறது. மறுபடி ஒட்டி, சந்தேகப் பட்டியலில் முதலில் இருந்த 'இவர்' என்பதை மட்டும் அடித்தேன்.