பத்தில் ஏழு பேர்

டாலிகஞ்ச், போர்ட் பிளேர்
அக்டோபர் 19, ஞாயிறு

அன்பு மகள் வைஜெயந்திக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் உன் தம்பி கோகுலும் சுகம். நீயும் மதுரையில் டூட்டி முடிந்து, வயிறாரச் சாப்பிட்டு, நிம்மதியாக உட்கார்ந்து இதைப் படிப்பாய் என்று நம்புகிறேன். மழை இன்னும் விடவில்லை, மெயின்லேண்டிலிருந்து வர வேண்டிய கப்பல் தாமதம், அம்மா நாலு நாளாக வெங்காயம் இல்லாமலே சாம்பார் வைக்கிறாள், நன்றாக இருக்கிறது என்று நான் சொல்வதை அவள் நம்புவதில்லை. போனில் கோகுல் பேரை எடுத்தாலே வார்டில் கூப்பிடுகிறார்கள் என்று வைத்துவிடுகிறாய், கடிதத்தை அப்படி வைக்க முடியாதல்லவா, அதனால்தான் ஸ்பீட் போஸ்ட்.

பிப்ரவரியில் அவன் சிநேகிதன் பிறந்தநாளில் குடித்துவிட்டு ஸ்கூட்டர் ஓட்டி, லம்பா லைன் வளைவில் விழுந்து தோள் எலும்பை உடைத்துக்கொண்டானே, அன்று நீ சொன்னது எனக்கு மறக்கவில்லை. "இவனை மாதிரி ஆளுங்களுக்குத்தாம்ப்பா தினமும் தையல் போடுறேன், என் தம்பிக்கும் போடணுமா"ன்னு கேட்டாய். அதற்குப் பிறகு எட்டு மாதமாக அவனோடு நீ பேசவில்லை. உன்னைக் குறை சொல்லவில்லை அம்மா, எமர்ஜென்சி வார்டில் நீ பார்ப்பதை நாங்கள் பார்ப்பதில்லை.

ஜூலையில், நான் ஆபீசிலும் கோகுல் கிளாசிலுமாக இருக்கிற எங்கள் காலேஜுக்குப் புதிதாக வந்த ஷீலா மேடம், சைக்காலஜி எடுப்பவர், எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரு தாள் கொடுத்தார். பேர் எழுத வேண்டாம், இரண்டே கேள்வி. போன மாதம் நீ எத்தனை தடவை குடித்தாய், உன்னோடு படிக்கிறவர்களில் பத்துக்கு எத்தனை பேர் குடிப்பார்கள் என்று நினைக்கிறாய். எண்ணுகிற வேலை ஆபீசில் என் தலையிலும் பக்கத்து மேஜை முத்துமணி தலையிலும் விழுந்தது. நானூற்றுப் பன்னிரண்டு தாள். பத்துக்கு ஏழு பேர் ஒரு தடவைகூடக் குடிக்கவில்லை என்று எழுதியிருந்தார்கள். ஆனால் அந்த ஏழு பேருமே, மற்றவர்களில் பத்துக்கு எட்டு பேர் குடிப்பார்கள் என்று எழுதியிருந்தார்கள். கணக்கு தப்பு என்று நினைத்து மறுபடி முதலிலிருந்து எண்ணினோம், அதேதான் வந்தது. பிரின்சிபால் கெட்டுப்போன ஈரல் படத்தைப் போட்டு போஸ்டர் ஒட்டலாம் என்றாராம், மேடம் வேண்டாம் என்றுவிட்டார், பயமுறுத்தினால் சிரிப்பார்கள், இருப்பதை மட்டும் சொல்வோம் என்று. ஹிந்தி, தமிழ், பெங்காலி மூன்றிலும் ஒட்டினோம், நம் காலேஜில் பத்தில் ஏழு பேர் போன மாதம் குடிக்கவில்லை என்று. மறுநாளே யாரோ அதன்மேல் ஹிந்தியில் ஜூட் என்று பெரிதாக எழுதிவிட்டார்கள், பொய்யாம். மேடம் கோபப்படவில்லை, தாள்களை லைப்ரரி மேஜையில் வைத்து, சந்தேகம் உள்ளவர்கள் வந்து எண்ணிப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார்.

மூன்று நாள் யாரும் வரவில்லை. நாலாம் நாள் வந்தது நம் கோகுல். மத்தியானம் உட்கார்ந்தவன் லைப்ரரி மூடும்வரை ஒவ்வொரு தாளாகப் புரட்டினான், நான் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் வந்துவிட்டேன். சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது அவனாகவே சொன்னான், "எனக்கு அந்த வாசனையே பிடிக்காதுப்பா, நான் மட்டும் வேணாம்னா தனியா தெரிவேன்னுதான் குடிச்சேன்." எல்லாரும் குடிக்கிறாங்கன்னு உனக்கு யாருடா சொன்னதுன்னு கேட்டேன். "நீங்கதாம்ப்பா. காலேஜ்ல ஒருத்தன் பாக்கியில்ல, எல்லாம் குடிகாரப் பசங்கன்னு தினமும் சாப்பிடும்போது சொல்வீங்களே"ன்னான். உண்மைதான். அடிதடி, சஸ்பென்ஷன் என்று பெயர் வந்தவன் தாள்தான் என் மேஜைக்கு வரும், கிளாஸ் முடிந்து நேராக வீட்டுக்குப் போகிற முந்நூறு பேருக்கு என்னிடம் என்ன வேலை. நான் பார்த்த பத்துப் பேரை வைத்து எல்லாரும் என்று சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறேன், பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்ட பிள்ளை அதைக் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறான்.

போன மாதம் கோகுலின் ஃபுட்பால் டீம் ஜெயித்து ஒரு பையன் வீட்டில் பார்ட்டி. இவன் எனக்கு வேண்டாம் என்று சொல்லியிருக்கிறான், கேலி செய்வார்கள் என்று காத்திருந்தால், பக்கத்தில் இருந்த இரண்டு பேரும் கிளாசைத் தள்ளி வைத்துவிட்டார்களாம். ஒருத்தன் மட்டும் சிரித்தானாம், அவ்வளவுதான். எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன், குடிக்கிற பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள், போன வாரம்கூட ஒருத்தன் மேல் நடவடிக்கைத் தாள் டைப் செய்தேன். ஆனால் இந்த மாதம் திரும்பத் தாள் கொடுத்து எண்ணியபோது ஏழு ஏறக்குறைய எட்டாகியிருக்கிறது. அம்மா விஷயம் ஒன்று சொல்ல வேண்டும். விபத்துக்கு அப்புறம் அவன் வெளியே போய் வந்தால் வேர்வை துடைக்கிற சாக்கில் கிட்டே போய் மோந்து பார்ப்பாள். நேற்று அரிசி களைந்துகொண்டு இருந்தவள் நிறுத்திவிட்டு, "ஒரு மாசமா மோந்து பாக்கவே மறந்துட்டேங்க"ன்னாள். சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், சிரித்துக்கொண்டும் இருந்தாள்.

நவம்பர் 12 கப்பலில் டீமோடு சென்னை வருகிறான். மேட்ச் முடிந்து இரண்டு நாள் லீவு கிடைக்கும், மதுரை வர ஆசை, உன்னிடம் கேட்கப் பயம். எழுதாதீங்கப்பா என்றான், நான் எழுதிவிட்டேன். வரச் சொல்லி ஒரு வார்த்தை நீயே அவனுக்குச் சொல். வந்ததும் பழசைக் கேட்க வேண்டுமென்றால் கேள், மறைக்காமல் சொல்வான். அதில் பாதிக்குப் பதில் சொல்ல வேண்டியவன் நான், அந்தப் பாதியை அவனிடம் கேட்காதே, என்னிடம் கேள்.

மழைக்காலம், ஸ்கூட்டரில் போகும்போது ஹெல்மெட் பட்டையை மாட்டிக்கொள். உனக்கு எந்தக் குறையும் வராமல் தெய்வம் துணையிருக்கட்டும். அம்மாவின் ஆசீர்வாதமும்.

உன் அப்பா,
சந்திரமோகன்