வெள்ளக்கரட்டுக்குத் தண்ணீர் வண்டி

ஏப்ரல் 11, 1983. திங்கள்

இன்றும் ஓடையில் வண்டி கொதித்தது. நடு மணலில் நிறுத்தி, பானட்டைத் திறந்துவிட்டு, ஆவி அடங்கும்வரை வெயிலில் நின்றேன்.

வெள்ளக்கரட்டுக்குக் குடிதண்ணீர் கொண்டுபோவது என் வண்டி ஒன்றுதான். மற்ற லாரிகள் ஓடை மணலில் புதைந்துவிடுகின்றன. இது பட்டாளத்து ஏலத்தில் எடுத்த பழைய டிரக். நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும். இழுக்கும், கொதிக்கும். முதல் கியரில் ஊரும்போது எதிர்க்காற்று கிடையாது, ஃபேனும் சோம்பலாகச் சுற்றுகிறது. இன்ஜின் என்ன செய்யும்?

தோள்பட்டை வலி. போதும்.

ஏப்ரல் 12

ஒரே நடை. இரண்டு போயிருக்க வேண்டும்.

ஏப்ரல் 14. வியாழன்

சித்திரை முதல் நாள். வீட்டில் பாயசம். எனக்கு இறங்கவில்லை.

கரட்டு மேட்டில், ஊர் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் வண்டி நின்றுவிட்டது. ரேடியேட்டருக்கென்று தனியாக எடுத்துப்போன தண்ணீர் ஓடையிலேயே தீர்ந்துவிட்டது. பெண்கள் குடத்தோடு இறங்கி வந்துவிட்டார்கள். சூடு தணிந்ததும் டாங்கிக் குழாயைத் திறந்து, ஒரு வாளி பிடித்து, ரேடியேட்டரில் ஊற்றினேன். வேறு வழி? எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இடுப்பில் கைக்குழந்தையோடு நின்ற அழகம்மாள் கேட்டுவிட்டாள்:

"எம்புட்டு நேரமா நிக்கிறோம். எங்களுக்கு முந்தி உங்க வண்டி குடிக்குதாக்கும்?"

கோபமாகக் கேட்கவில்லை. அதுதான் தாங்கவில்லை.

ஏப்ரல் 15

"வித்துத் தொலைங்க. உங்க மூஞ்சியக் கண்ணாடில பாத்து எத்தன நாளாச்சு?" என்கிறாள் ராமக்காள். என் மனைவி சொல்வதில் தப்பில்லை. விற்றுவிட்டால் அந்த ஓடையை யார் தாண்டுவது? அதை அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் சண்டை.

ஏப்ரல் 17. ஞாயிறு

ஆரப்பாளையம் போனேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மருதுவின் பட்டறை. பானட்டுக்குள் தலையை விட்டவன் வெகுநேரம் எடுக்கவில்லை.

"ரேடியேட்டரு நல்லாத்தான் இருக்குண்ணே. காத்துப் பத்தல. இந்த நாலு இலை ஃபேனு ரோட்டுல ஓடுறதுக்குச் சரி. மணல்ல ஊருறதுக்கு ஆறு இலை போடணும்."

உடைப்புக்கு வந்த லாரி ஒன்றிலிருந்து கழற்றிய ஃபேன். பழையதைவிட அகலம். மாட்டி ஓட்டிப் பார்த்தோம். புயல் மாதிரி இரைந்தது. திருமங்கலத்தில் வீடு வந்து சேரும்வரை அந்த இரைச்சலைக் கேட்டுக்கொண்டே வந்தேன்.

ஏப்ரல் 18

எழுதவே பிடிக்கவில்லை.

ஓடையில் பாதிக்கு மேல் வந்தாகிவிட்டது. சூடு காட்டும் முள் நகரவில்லை. தனியாகச் சிரித்தேன்கூட. அக்கரை ஏறுமுன் முன்சக்கரம் பள்ளத்தில் இறங்கியது — தகரத்தைக் கிழிக்கிற சத்தம். புது ஃபேன் ரேடியேட்டரை வெட்டிவிட்டது. தண்ணீர் முழுவதும் மணலில். இருந்த இடமே தெரியவில்லை.

டாங்கி நிறைய குடிதண்ணீர், ஊரோ தூரத்தில். பெண்களே ஓடைக்குள் நடந்துவந்து குடம் குடமாகச் சுமந்தார்கள். அழகம்மாளும் வந்தாள். பிள்ளை ஒரு பக்கம், குடம் ஒரு பக்கமாக மேடு ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அழுதேனா? வேர்வையாகவும் இருக்கலாம்.

ஏப்ரல் 20

மாடுகளைப் பூட்டி வண்டியைக் கரையேற்றி, அங்கிருந்து வேறொரு லாரியில் சங்கிலி கட்டி ஆரப்பாளையத்துக்கு இழுத்துப் போனேன். மருதுவோடு சண்டை போடுவதென்றுதான் போனேன். அவன் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு வந்தான்.

"இன்ஜினத் தாங்குற ரப்பரு மக்கிப்போச்சுண்ணே. மூக்கு இறங்குனா இன்ஜினு முன்னால நகருது. நானும் பாக்கல, நீங்களும் பாக்கல."

அவன் முகம் செத்துப்போயிருந்தது. கத்துவதற்கு எனக்கும் தெம்பில்லை. இருவரும் டீ குடித்தோம்.

ஏப்ரல் 25

அழகர் திருவிழாக் கூட்டம். ரேடியேட்டர் ஓட்டையைப் பற்றவைக்கிற ஆள் ஊருக்குப் போய்விட்டான். வெள்ளக்கரட்டுக்கு மாட்டுவண்டியில் தண்ணீர் போகிறதாம். பாதி வழியிலேயே சிந்திவிடுகிறதாம். நான் இங்கே சும்மா உட்கார்ந்திருக்கிறேன்.

ஏப்ரல் 30. சனி

ரேடியேட்டர் அடைத்தாகிவிட்டது. ரப்பர் புதிது. ஃபேனைக் கொஞ்சம் பின்னால் தள்ளி மாட்டி, அதைச் சுற்றித் தகரத்தில் ஒரு வளையமும் அடித்தான் மருது. இழுக்கிற காற்றெல்லாம் ரேடியேட்டர் வழியாகவே வருமாம். அதே பள்ளத்தில் வேண்டுமென்றே இறக்கினேன், மூச்சைப் பிடித்துக்கொண்டு. சத்தமில்லை.

இரண்டு நடை.

மே 9

தினமும் இரண்டு நடை. கொதிப்பதே இல்லை. சந்தோஷமா? முன்பு வண்டி கொதித்தால் அது ஆறும்வரை எனக்கும் ஓய்வு. இப்போது அதுவும் இல்லை. ஸ்டியரிங்கைப் பிடித்த விரல்கள் வீட்டுக்கு வந்தும் நிமிர மறுக்கின்றன.

மே 16

வெள்ளக்கரட்டில் ஆழ்குழாய்க் கிணறு போட யூனியன் ஆபீசிலிருந்து வண்டிகள் வந்திருக்கின்றன. துளை போடுகிற வண்டியும் கம்ப்ரசர் லாரியும் ஓடைக்குள் இறங்கிய உடனே புதைந்து நின்றன.

"மலைச்சாமி, இழுத்துருவீங்களா?" என்றார் இன்ஜினியர்.

கம்ப்ரசர் லாரி டிரைவர் காசிமாயன் என் பக்கம் வந்து மெதுவாகச் சொன்னான்: "அண்ணே, யோசிச்சுக்கங்க. போர்ல தண்ணி வந்துட்டா ஒங்க நடை போச்சு."

தெரியாதா எனக்கு? சங்கிலியை எடுத்து மாட்டினேன்.

முதல் கியர். ஒன்றன்பின் ஒன்றாக இழுத்தேன். முள் ஏறியது, சிவப்புக்குப் பக்கத்தில் போய் நடுங்கிக்கொண்டு நின்றது. தாண்டவில்லை. மேட்டின் உச்சியில் ஊரே நின்றுகொண்டிருந்தது.

மே 17

வெறும் புழுதிதான் வந்ததாம். தண்ணீர் நடை வழக்கம்போல.

மே 18. புதன்

நான் டாங்கியோடு போய் நிற்கும்போது ஆழ்குழாயிலிருந்து சேறாக வந்துகொண்டிருந்தது. பிறகு பனை உயரத்துக்குப் பீய்ச்சியது. பிள்ளைகள் அதற்குள் ஓடினார்கள். அழகம்மாள் முழுக்க நனைந்து நின்றாள்.

"தள்ளி நிக்கிறீகளே, வாங்கண்ணே!"

போனேன். குளிர்ந்த தண்ணீர். சட்டையோடு நின்றேன்.

நாளையிலிருந்து வர வேண்டாமென்று இன்ஜினியர் தயங்கித் தயங்கிச் சொன்னார். தலையாட்டினேன்.

வீட்டில் ஈரச் சட்டையை வாங்கிக்கொண்டே ராமக்காள் கேட்டாள்: "நாளைக்கு எப்ப எழுப்பட்டும்?"

"எழுப்பாத."

மே 19

எழுந்தபோது வெயில் நன்றாக ஏறியிருந்தது. வீட்டில் ஒரு பாத்திரச் சத்தம்கூடக் கேட்கவில்லை. ராமக்காள் வாசலில் உட்கார்ந்து, என்னைத் தேடி வந்த யாரையோ பிறகு வரச்சொல்லித் தணிந்த குரலில் அனுப்பிக்கொண்டிருந்தாள்.